ரேடியேட்டருக்குள் பதுங்கும் காற்று

வாகனம் அறிவோம்

சென்ற இதழில், ரேடியேட்டரில் உப்பு நீரை ஊற்றுவதால் விளையும் கேடுகளைப் பற்றி எழுதியிருந்தோம். இம்மாதம் அதனோடு நெருங்கிய தொடர்புடைய மற்றொரு பொருளை எடுத்துக்கொள்வோம்.

கார் வைத்திருக்கும் குடும்பங்களில் பலரும் கண்டிருக்கக்கூடிய நிகழ்ச்சி இது. ரேடியேட்டர் ஒழுகிற்று என்றோ, வாட்டர் பம்ப் பழுதாயிற்று என்றோ, ஹோஸ் வெடித்துவிட்டது என்றோ வண்டியைப் பட்டறையில் விடுகிறோம். புதிய பாகம் பொருத்தப்படுகிறது. நீரும் வாய் வரை நிரப்பப்படுகிறது. கூலியைக் கொடுத்து வண்டியை வீட்டுக்குக் கொண்டு வருகிறோம். இரண்டொரு நாளில் குடும்பத்தோடு கல்யாணத்திற்கோ பெருநாளைக்கோ வெளியூர் புறப்பட்டால், சிறிது தொலைவு செல்வதற்குள் சூடு காட்டும் முள் மேலே ஏறிவிடுகிறது. புதிதாகப் போட்ட பாகம் போலியோ என ஐயுறுகிறோம், மெக்கானிக்கைக் கடிந்துகொள்கிறோம். பாகம் நல்லதாகவும், பொருத்திய விதம் சரியாகவும் இருந்தும் இவ்வாறு நேர்வதுண்டு. அப்போது முதலில் ஐயுற வேண்டியது, நீர்ப்பாதைக்குள் சிக்கிக்கொண்ட காற்றையே. பட்டறைகளில் இதனை ‘ஏர் லாக்’ என்பர்.

காற்று எவ்வாறு தங்குகிறது?

எஞ்சினைக் குளிர்விக்கும் நீர், எஞ்சினுக்குள் அமைந்த பாதைகள், ரேடியேட்டர், ஹீட்டர், இவற்றை இணைக்கும் ஹோஸ்கள் ஆகியவற்றின் வழியே இடையறாது சுற்றி வருகிறது. இவற்றுள் எதைக் கழற்றினாலும் உள்ளிருந்த நீர் வடிகிறது. அவ்விடத்தைக் காற்று நிரப்புகிறது. மீண்டும் நீரை ஊற்றும்போது அக்காற்று முழுவதும் வெளியேறியாக வேண்டும். குறுகிய வாயுள்ள குடத்தை நீரில் அமிழ்த்தினால், காற்று குபுகுபுவென வெளியேறிய பின்னரே குடம் நிரம்புவதை நாம் அறிவோம். குடத்தின் வாய் மேலே இருப்பதால் காற்றுக்கு வழி உண்டு. காரின் நீர்ப்பாதையோ ஏறியும் இறங்கியும் வளைந்தும் செல்வது. மேடான வளைவுகளில் தங்கிய காற்று தானாக வெளியேறுவது அரிது.

பழைய அம்பாசடர் காரில் இத்தொல்லை அவ்வளவாகத் தெரியவில்லை. அதன் ரேடியேட்டர் உயரமானது. நீர் ஊற்றும் வாயும் ஏறக்குறைய உச்சியிலேயே இருந்தது. எனவே காற்று தானே மேலெழுந்து போயிற்று. பிற்காலத்துக் கார்களில் முன்புற மூடியைத் தாழ்த்தி அமைத்தனர். அதனால் ரேடியேட்டரும் தாழ்ந்தது. எஞ்சினின் மேற்பகுதியும் ஹீட்டருக்குச் செல்லும் ஹோஸ்களும் அதைவிட உயரத்தில் அமைந்துவிட்டன. ரேடியேட்டர் வாய் வரை நிரம்பியிருந்தும் எஞ்சினுக்குள் வெற்றிடம் போல் காற்று நிற்பதற்கு இதுவே காரணம்.

சிறிதளவு காற்று என்ன செய்துவிடும்?

கிணற்று மோட்டார் பம்பில் காற்று புகுந்துவிட்டால், மோட்டார் ஓடினாலும் நீர் ஏறாது. பம்பில் நீரை ஊற்றிக் காற்றை வெளியேற்றிய பின்னரே நீர் வரும். காரின் வாட்டர் பம்பும் அவ்வகையைச் சேர்ந்ததே. அதன் இறக்கைகளைக் காற்று சூழ்ந்துகொண்டால் அது வீணே சுழலும். நீரோட்டம் குன்றும் அல்லது நின்றே போகும்.

இரண்டாவதாக, நீர் வெப்பத்தைக் கடத்தும் திறன் காற்றினதைவிட 20 மடங்குக்கும் அதிகம். எஞ்சின் ஹெட்டில் காற்று தங்கிய இடம் மட்டும் நீர் தொடாமல் கொதிக்கிறது. அருகிலுள்ள நீர் ஆவியாகி அக்காற்றோடு சேர்ந்து, வெற்றிடத்தை மேலும் பெரிதாக்குகிறது.

மூன்றாவது, தெர்மோஸ்டாட். இது மெழுகு அடைத்த சிறு வால்வு. பெரும்பாலான கார்களில் 80 முதல் 90 டிகிரி செல்சியஸ் அளவில் மெழுகு உருகி விரிந்து, ரேடியேட்டருக்குச் செல்லும் வழியைத் திறக்கிறது. அதனைச் சூடான நீர் தொடாமல் காற்று சூழ்ந்திருந்தால், அது காலந்தாழ்ந்தே திறக்கும்.

நான்காவதே மிக ஆபத்தானது. சூட்டை அளக்கும் சென்சார் நீரில் மூழ்கியிருந்தால்தான் உண்மையைச் சொல்லும். அது காற்றில் நின்றால், எஞ்சின் கொதித்துக் கொண்டிருக்கும்போதும் முள் நடுவிலேயே நிற்கக்கூடும். முள்ளை நம்பி ஓட்டுபவர் உண்மையை அறியும்போது காலம் கடந்திருக்கும்.

அம்பாசடரின் எஞ்சின் ஹெட் வார்ப்பிரும்பால் ஆனது, ஓரளவு பொறுக்கும். இன்றைய கார்களின் ஹெட் அலுமினியத்தால் ஆனது. அலுமினியம், வார்ப்பிரும்பைவிடச் சூட்டில் ஏறக்குறைய இரு மடங்கு விரியும். ஒருமுறை மிகையாகச் சூடேறினாலே ஹெட் வளைந்து, கேஸ்கட் எரிந்துபோக இடமுண்டு. அப்பொழுது, ஒரு ஹோஸை மாற்றச் செய்த செலவின் பல மடங்கைச் செலவிட நேரும்.

அறிகுறிகள்

பழுது பார்த்த பின் வண்டியை ஓட்டும்போது பின்வருவனவற்றைக் கவனியுங்கள். டாஷ்போர்டுக்குப் பின்னாலிருந்து நீர் சலசலக்கும் ஓசை வருவது. முள் திடீரென ஏறி, பின் இறங்குவது. எஞ்சின் நன்கு சூடேறிய பின்னும் ஹீட்டரைத் திருப்பினால் குளிர்ந்த காற்றே வருவது. நீர் ஒழுகாமலே ரிசர்வ் டேங்கில் அளவு ஏறி இறங்குவது. இவற்றுள் ஹீட்டர் சோதனை மிக எளியது. நம் பகுதியில் ஹீட்டரை யாரும் பயன்படுத்துவதில்லை என்றாலும், இச்சோதனைக்கு அது பெரிதும் உதவும்.

காற்றை வெளியேற்றும் முறை

ரேடியேட்டரின் மேலேயே மூடி உள்ள கார்களுக்கான முறையைக் கூறுகிறோம். 2014 வரை தயாரிக்கப்பட்ட மாருதி 800 இவ்வகையைச் சேர்ந்தது.

1. எஞ்சின் முற்றிலும் ஆறியிருக்க வேண்டும். வண்டியின் முன்புறம் சற்று உயர்ந்திருக்குமாறு சரிவான இடத்தில் நிறுத்தி, கைப்பிரேக்கைப் போட்டு, பின் சக்கரங்களுக்குக் கல் வையுங்கள். ரேடியேட்டரின் வாய் உயர்ந்த இடத்திற்கு வரும்.

2. ஹீட்டரை உச்ச வெப்பத்திற்குத் திருப்பி வையுங்கள். பல கார்களில் ஹீட்டருக்குச் செல்லும் வால்வு அப்போதுதான் திறக்கும்.

3. தெர்மோஸ்டாட் உறை அல்லது ஹீட்டர் ஹோஸின் மேல் காற்று வெளியேற்றும் சிறு திருகு இருந்தால், அதைச் சற்றே தளர்த்துங்கள். ரெனால்ட், பியூஜோ போன்ற பிரெஞ்சு நிறுவனங்களின் பல கார்களில் இதனைக் காணலாம். காற்றுக்குமிழி இன்றி நீர் மட்டும் வந்தவுடன் திருகை இறுக்கிவிட வேண்டும்.

4. கூலண்டும் டிஸ்டில்டு வாட்டரும் சரிபாதி கலந்த கலவையை மெல்ல மெல்ல ஊற்றுங்கள். விரைந்து ஊற்றினால் நீரே காற்றை அடைத்துவிடும். இடையிடையே மேல் ஹோஸையும் கீழ் ஹோஸையும் கையால் பிசைந்து விடுங்கள். குமிழிகள் மேலெழுவதைக் காணலாம்.

5. மூடியைப் போடாமலே எஞ்சினை இயக்கி, நிதானமாக ஓடவிடுங்கள். ஏசி அணைந்திருக்கட்டும். நீர்மட்டம் குறையக் குறைய ஊற்றி வாருங்கள். தெர்மோஸ்டாட் திறந்ததும் மேல் ஹோஸ் சூடாகும். நீர்மட்டம் சட்டெனக் கீழிறங்கும். அந்த இடத்தையும் நிரப்புங்கள். குமிழிகள் ஓய்ந்ததும் மூடியை இறுக்கிவிடுங்கள்.

6. ஃபேன் ஒருமுறையேனும் சுழன்று நிற்கும் வரை எஞ்சினை ஓடவிட்டு, பின் நிறுத்துங்கள். ரிசர்வ் டேங்கில் மேல் கோட்டுக்கும் கீழ்க் கோட்டுக்கும் இடையே நீர் இருக்கட்டும்.

7. இரவு முழுவதும் ஆறவிட்டு, மறுநாள் காலையில் மூடியைத் திறந்து பாருங்கள். மட்டம் குறைந்திருந்தால் நிரப்புங்கள். இரண்டு மூன்று நாட்கள் இவ்வாறு பார்ப்பது நலம்.

ரேடியேட்டரில் மூடியில்லாமல், டேங்கின் மூடியே அழுத்தத்தைத் தாங்கும் புதிய கார்களில் முறை வேறு. மின்சார வாட்டர் பம்ப் உள்ள சில கார்களில், எஞ்சினை இயக்காமலே பம்பை மட்டும் ஓடவிட்டுக் காற்றை வெளியேற்றும் ஏற்பாடு உண்டு. காரோடு வந்த கையேட்டின்படியே செய்தல் வேண்டும்.

தெர்மோஸ்டாட்டை மாற்றுவோர் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. சில தெர்மோஸ்டாட்டுகளின் விளிம்பில் சிறு துளையும் அதில் ஆடும் ஒரு குட்டி ஊசியும் இருக்கும். காற்று கசிந்து வெளியேறுவதற்கென்றே அமைந்த வழி அது. பக்கவாட்டில் நிறுத்திப் பொருத்தும் கார்களில் அத்துளை பொதுவாக மேற்புறமாக வர வேண்டும். கீழாக வைத்துவிட்டால் காற்று அங்கேயே தங்கிவிடும்.

எச்சரிக்கை

சூடான எஞ்சினின் ரேடியேட்டர் மூடியை ஒருபோதும் திறவாதீர்கள். பிரஷர் குக்கரைப் போலவே உள்ளே அழுத்தம் நிறைந்திருக்கும். அந்த அழுத்தத்தில் நீர் ஏறக்குறைய 120 டிகிரி வரை கொதிக்காமல் நிற்கும். மூடியைத் திறந்த கணமே ஆவியாகிப் பீறிட்டு, முகத்தையும் கைகளையும் வேகவைத்துவிடும். மூடி திறந்த நிலையில் எஞ்சின் ஓடும்போதும் முகத்தை அதன் மேல் கொண்டு போகாதீர்கள்.

மின்சார ஃபேன் எந்த நேரத்திலும் தானே சுழலத் தொடங்கும். சட்டைக் கை, துப்பட்டா, முந்தானை ஆகியவை அருகில் செல்லலாகாது. கூலண்டில் உள்ள எத்திலீன் கிளைகால் இனிப்புச் சுவையுடைய நஞ்சு. சிந்தியதை உடனே கழுவுங்கள். எஞ்சியதைக் குழந்தைகளுக்கும் பூனைகளுக்கும் எட்டாமல் வையுங்கள். குளிர்பானப் புட்டியில் ஊற்றி வைக்கும் பழக்கம் அறவே கூடாது.

குமிழி ஓயாவிட்டால்?

சிக்கிய காற்று ஓரிரு முறை சூடாகி ஆறியதும் தீர்ந்துவிடும். எத்தனை முறை நிரப்பியும் குமிழி வந்துகொண்டே இருந்தால், எஞ்சினுக்குள் எரியும் வாயுவே ஹெட் கேஸ்கட் வழியாக நீரில் கலக்கிறதோ என ஐயுற வேண்டும். புகைக்குழாயில் ஓயாத வெண்புகை, ஆயில் ஊற்றும் மூடியின் அடியில் பால் போன்ற படிவு, ஒழுகாமலே நீர் குறைதல் ஆகியவை இதற்குத் துணைச் சான்றுகள். அந்நிலையில் வண்டியை ஓட்டாமல் பட்டறைக்கு இழுத்துச் செல்வதே அறிவுடைமை.

நாமே செய்ய இயலாதோர் வண்டியைத் திரும்பப் பெறும்போது மூன்று கேள்விகளைப் பணிவோடு கேட்கலாம். ‘ஃபேன் சுழலும் வரை எஞ்சினை ஓடவிட்டுப் பார்த்தீர்களா? ஆறிய பின் மட்டத்தைச் சரிபார்த்தீர்களா? ஹீட்டரில் சூடான காற்று வருகிறதா?’ சில பெரிய பட்டறைகளில் உள்ளிருக்கும் காற்றை முதலில் கருவியால் உறிஞ்சிவிட்டு, பின் கூலண்டை உள்ளிழுக்கச் செய்கின்றனர். ஒழுக்கு இருந்தாலும் அப்போதே தெரிந்துவிடும். வண்டி ஆறும் வரை காத்திருக்க வேண்டும் என்று மெக்கானிக் சொன்னால், அவசரப்படுத்தாதீர்கள். மாலையில் தருவதாகச் சொன்ன வண்டியை மறுநாள் காலையில் பெற்றுக்கொள்வதால் நமக்குப் பெரும் இழப்பொன்றும் நேர்ந்துவிடாது. நெடும்பயணம் புறப்படுமுன் உள்ளூரிலேயே இரண்டு நாட்கள் ஓட்டிப் பார்ப்பதும் நன்று.

இன்ஷா அல்லாஹ், அடுத்த இதழில் பிரேக் குழாய்களில் காற்று புகுவதைப் பற்றிக் காண்போம்.