விட்டுப்போன ஓர் எண்

2,93,31,86,25,600. அதாவது, இருபத்தொன்பதாயிரத்து முந்நூற்று முப்பத்தொரு கோடியே எண்பத்தாறு லட்சத்து இருபத்தையாயிரத்து அறுநூறு. இந்த ஓர் எண்ணைப் பற்றியே இவ்வாரம் நேயர்களுடன் பேச விரும்புகிறோம்.

பன்னிரண்டை 1, 2, 3, 4, 6, 12 என்னும் ஆறு எண்களால் மீதியின்றி வகுக்கலாம். அதற்குக் குறைந்த எந்த எண்ணுக்கும் ஆறு வகுத்திகள் கிடையா. இவ்வாறு தமக்கு முந்திய எண்கள் அனைத்தையும் வகுத்திகளின் தொகையில் விஞ்சி நிற்பவற்றை 'உயர் பகு எண்கள்' என்பர். 24, 60, 360 ஆகியவையும் இவ்வினத்தவையே. நாளை 60 நாழிகையாகப் பகுத்ததில் உள்ள சௌகரியம் இதுதான்: பாதி, மூன்றிலொன்று, கால், ஐந்திலொன்று, எதைக் கேட்டாலும் பின்னம் விழாது.

ஸ்ரீநிவாஸ ராமானுஜன் இவ்வெண்களை ஆராய்ந்து, 1915-ஆம் ஆண்டில் லண்டன் கணித சங்கத்தின் வெளியீட்டில் நீண்டதொரு கட்டுரை எழுதினார். அதில் 67,46,32,83,88,800 வரையில் நூற்றுக்கு மேற்பட்ட உயர் பகு எண்களை வரிசைப்படுத்தியிருக்கிறார். கணக்கிடும் மின் இயந்திரம் தோன்றாத காலம் அது. அத்தனை பெரிய ஜாபிதாவில் ஒரே ஓர் எண் விட்டுப்போயிற்று. அதுவே நாம் மேலே காட்டியது.

இதைப் பரீட்சிப்பது எப்படி? 2-ஐ ஆறு முறையும், 3-ஐ நான்கு முறையும், 5-ஐயும் 7-ஐயும் இவ்விரண்டு முறையும், 11, 13, 17, 19 ஆகியவற்றை ஒவ்வொரு முறையும் எடுத்துப் பெருக்கினால் இவ்வெண் கிடைக்கும். ஒரு வகுத்தியை அமைக்கும்போது, ஆறு இரண்டுகளில் ஒன்றையும் எடாமலிருப்பது முதல் ஆறையும் எடுப்பது வரை ஏழு வழிகள் உண்டு. மற்றவற்றுக்கும் இப்படியே. ஆகவே 7×5×3×3×2×2×2×2, மொத்தம் 5040 வகுத்திகள். இதற்குச் சிறிய எண் எதற்கும் இத்தனை இல்லை. ராமானுஜனின் வரிசையில் கடைசியாக நிற்கும் எண், விட்டுப்போன இதன் சரியாக 23 மடங்கு என்பது மற்றொரு விநோதம்.

மேதையின் பட்டியலில் குறை சொல்வது அபசாரம் என்று சிலர் கருதக்கூடும். நாம் அவ்வாறு கருதவில்லை. பெரியவர் எழுதினார் என்பதால் ஓர் எண்ணுக்குத் தகுதி வருவதில்லை; அவர் விட்டுவிட்டார் என்பதால் தகுதி போவதுமில்லை. ராமானுஜனின் படத்துக்கு மாலை சூட்டுவது எளிது. அவருடைய கணக்கைப் போட்டுப் பார்ப்பவர்களே அவருக்கு உண்மையில் மரியாதை செய்கிறவர்கள். தேசாபிமானம் கண்ணை மூடிக்கொள்வதாக இருத்தல் ஆகாது.

வீட்டுக் குழந்தைகளுக்கு ஒரு வேலை தருவோம். 5040-க்கு எத்தனை வகுத்திகள் என்று எண்ணச் சொல்லுங்கள். 60 வரும். 60-க்கு 12, 12-க்கு 6, 6-க்கு 4. இவை யாவும் உயர் பகு எண்களே. இருபத்தொன்பதாயிரம் கோடியில் தொடங்கி, குழந்தையின் கைவிரல்களுக்குள் வந்து சேர்ந்துவிட்டோம்!