பிளிச்சிக்குப் போகிறது காந்திபுரம் ஜெயில்

கோவை காந்திபுரத்தில் செம்மொழிப் பூங்காவைப் பார்க்கக் கூட்டம் அலைமோதுகிறது. 2010 செம்மொழி மாநாட்டின்போது அறிவித்த பூங்காவை 2025 நவம்பரில் திறந்தார்கள். 45 ஏக்கர். நானும் ஒரு மாலை நடந்து பார்த்தேன், நன்றாகத்தான் இருக்கிறது. எரிச்சல் பூங்காவின் மேல் அல்ல. “அப்படியே அந்த ஜெயிலையும் பிளிச்சிக்குத் தூக்கிட்டா ஊரே மாறிடும்” என்று நடைபாதையில் என்னோடு வந்த நண்பர் சொன்னாரே, அந்தப் பெருமூச்சின் மேல்தான். அரசின் திட்டமும் அதுதான். மேட்டுப்பாளையம் சாலையில், ஊரைத் தாண்டி, பிளிச்சியில் புதிய மத்திய சிறை வரப்போகிறது.

காந்திபுரம் சிறை 1872-ல் எழுந்தது. 1908-ல் வ.உ.சி.யை இங்கே கொண்டுவந்து முதலில் சணல் கிழிக்கும் இயந்திரத்தைச் சுற்றவிட்டார்கள். உள்ளங்கைத் தோல் உரிந்தது. பிறகு மாட்டுக்குப் பதிலாகச் செக்கில் பூட்டினார்கள். அன்றைக்குச் சிறையில் வேலை என்றால் அதுதான் அர்த்தம்: உடம்பை ஒடிப்பது. அதே மதிலுக்குள் இன்று தறி ஓடுகிறது. மதிலை ஒட்டிய பெட்ரோல் பங்கில் தண்டனைக் கைதி ஒருவர் டேங்க் மூடியைத் திறந்து, “ஜீரோ பார்த்துக்குங்க சார்” என்கிறார். முதல் முறை அங்கே வண்டியை நிறுத்தியபோது பர்ஸை ஒரு பிடி இறுக்கிப் பிடித்தேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன். மூன்றாம் முறை மீதிச் சில்லறையை எண்ணாமல் பையில் போட்டுக்கொண்டேன். மறுவாழ்வுத் திட்டம் அவரைத் திருத்தியதோ என்னவோ, என்னைத் திருத்திவிட்டது.

சிறை ஊர் நடுவில் இருப்பதால் நடக்கிற காரியம் இது. சிறை அங்காடியில் ஆபீஸ் போகிறவர் நின்று ரொட்டி வாங்குவதும் அதனால்தான். ஒதுக்குப்புறத்தில் பங்க் வைத்தால் பெட்ரோல் விற்கும், பழக்கம் வராது.

ஆனால் பங்கும் ரொட்டியும் வெறும் முகப்பு. நான் எங்கே போனாலும் சொல்லிச் சொல்லிப் புளித்துப்போன கணக்கு ஒன்று உண்டு, இங்கேயும் சொல்கிறேன். தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் 2022 சிறைப் புள்ளிவிவரப்படி, நாட்டின் சிறைகளில் இருந்தவர்கள் 5,73,220 பேர். அதில் தண்டனைக் கைதிகள் சுமார் 1,33,000. விசாரணைக் கைதிகள் 4,34,302. நூற்றுக்கு 76 பேர்! தறியும் பேக்கரியும் பங்கும் தண்டனை பெற்றவருக்கு. விசாரணைக் கைதியை வேலை செய்யச் சொல்லிக் கட்டாயப்படுத்த முடியாது. ஆக, குற்றம் நிரூபணமானால் கைத்தொழில், நிரூபணமாகாத வரை சுவரைப் பார்த்து உட்கார்ந்திருக்க வேண்டியது. அந்த 76 பேருக்கு மறுவாழ்வு என்று ஏதாவது உண்டென்றால் அது இரண்டே விஷயம்: வாய்தா, மனு.

மனு என்றால் கோரிக்கை மனு அல்ல. வீட்டார் வந்து பார்ப்பதற்கு ஜெயிலில் வழங்கும் பெயர். காலையில் சிறை வாசலில் போய் நின்று பாருங்கள். கட்டைப் பையில் பிஸ்கட்டும் சோப்புமாகப் பெண்கள், இடுப்பில் குழந்தை, கையில் ஆதார் ஜெராக்ஸ். வாய்தா நாளில் இவர்களே கோர்ட் வராண்டாவில் நிற்பார்கள். எஸ்கார்ட் போலீஸ் கண்டும் காணாமல் திரும்பிக்கொள்ள, பரோட்டா பார்சல் கை மாறும். இந்த இரண்டு இடத்துக்கும் நடுவே இன்றைக்கு ஆட்டோ தூரம்தான். நாளைக்கு?

இதற்குப் பதில் சொல்பவர்கள் இருக்கிறார்கள். கட்டடம் பழசு என்கிறார்கள், ஜி.எச். கட்டடமும்தான் பழசு, அதைப் பிளிச்சிக்கு அனுப்புவார்களா? காணொலியில் ஆஜர்படுத்தலாம் என்கிறார்கள். காணொலியில் பரோட்டா கொடுக்க முடியாது. நகர நடுவே இத்தனை ஏக்கரா என்று கேட்பவர்களிடம் எனக்குப் பேச ஒன்றுமில்லை. அவர்கள் கண்ணுக்கு ஜெயிலில் மனிதர்கள் தெரிவதில்லை, சென்ட் விலை தெரிகிறது.

சென்னை இதை ஏற்கெனவே செய்து பார்த்துவிட்டது. 1837-ல் கட்டிய மத்திய சிறை, சென்ட்ரல் ஸ்டேஷனுக்கு எதிரே, சென்னை மருத்துவக் கல்லூரிக்குப் பக்கத்தில் இருந்தது. 2006-ல் கைதிகளைப் புழலுக்குக் கொண்டுபோனார்கள். 2009-ல் இடிப்பதற்கு முன் பொதுமக்களை உள்ளே விட்டபோது குடும்பம் குடும்பமாக வந்து கொட்டடிகளை எட்டிப் பார்த்தார்கள். உள்ளே ஆள் இருந்த காலத்தில் திரும்பிப் பார்க்காத ஊர், காலியானதும் பார்க்க வந்தது. அதன்பின் சிறை என்ற ஒன்று சென்னைக்காரன் கண்ணில் படவேயில்லை. கண்ணில் படாத இடத்தில் என்ன நடந்தாலும் கேட்க நாதியில்லை.

இடம் பற்றாது என்பது உண்மையானால் அதற்கு மருந்து செங்கல் இல்லை. 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 479-ஆம் பிரிவைப் பிரித்துப் படிக்கட்டும். ஆயுள், மரண தண்டனைக் குற்றங்கள் நீங்கலாக, இதற்கு முன் எந்தக் குற்றத்துக்கும் தண்டனை பெறாதவர் அதிகபட்சத் தண்டனையில் மூன்றில் ஒரு பங்கை உள்ளேயே கழித்துவிட்டால், அவரைப் பிணையப் பத்திரத்தில் விட வேண்டும். அதற்குச் சிறைக் கண்காணிப்பாளரே கோர்ட்டுக்கு எழுத வேண்டும். ஒன்றுக்கு மேல் வழக்கு இருந்தால் விலக்கு என்று ஓட்டையும் வைத்திருக்கிறார்கள், சரி. எழுத வேண்டியதை ஒழுங்காக எழுதினாலே பிளிச்சியில் ஒரு செங்கலும் தேவைப்படாது.

போன வாரம் வாசலில் பார்த்த பாட்டிக்கு ஊர் பொள்ளாச்சிப் பக்கம். உக்கடத்தில் இறங்கி இன்னொரு பஸ் மாறி வருகிறார், பேரனைப் பார்க்க. ஜெயில் இடம் மாறப்போகிற செய்தி அவருக்கும் எட்டியிருந்தது. “ஏனுங்க, அங்கிருந்து பொழுது சாயறதுக்குள்ள ஊடு திரும்ப பஸ் இருக்குங்களா?” என்று கேட்டார். செல்போனில் தேடிப் பார்த்துச் சொன்னேன். மூன்று பஸ் மாற வேண்டும். விரல் விட்டு எண்ணிப் பார்த்துவிட்டு, பையைத் தூக்கிக்கொண்டு வரிசைக்குப் போனார்.