கேரவன்ல ஏதோ சத்தம் வருதா? முதல்ல எந்த இன்ஜின்னு கேளுங்க!

பூந்தமல்லியைத் தாண்டி பெங்களூரு ஹைவேயில் போனால் செம்பரம்பாக்கம். ஏரி ஞாபகம் வரும், 2015 வெள்ளம் ஞாபகம் வரும். 'பிக் பாஸ்' ரசிகர்களுக்கு ஈ.வி.பி ஃபிலிம் சிட்டி ஞாபகம் வரும். ஷூட்டிங் நடக்கிற இடம் என்றால் கேரவன் இல்லாமலா? நம்ம ஊரில் கேரவன் என்ற சொல்லே சினிமாக்காரர்கள் வழியாகத்தான் வந்தது. ஹீரோ மேக்கப் போடுற வண்டி, அவ்வளவுதான் நமக்குத் தெரியும்.

இப்போது கதை மாறிவிட்டது. 2021-ல் கேரளா 'கேரவன் கேரளா' என்று ஒரு சுற்றுலாத் திட்டத்தையே அறிவித்தது. அதற்காக முதலில் காட்டப்பட்ட வண்டி, பாரத்பென்ஸ் 1017 பஸ் சேஸிஸில் கட்டியது. பாரத்பென்ஸ் எங்கே தயாராகிறது? செம்பரம்பாக்கத்திலிருந்து கொஞ்ச தூரத்தில் இருக்கிற ஒரகடத்தில். தமிழ்நாடு அரசின் 2023 சுற்றுலாக் கொள்கையிலும் கேரவன் சுற்றுலாவுக்கு இடம் இருக்கிறது. ஆக, நாலு ஃப்ரெண்ட்ஸ் காசு போட்டு ஒரு மோட்டார்ஹோம் வாடகைக்கு எடுத்து வால்பாறையோ வயநாடோ போகிற காலம் வந்தாச்சு. இன்ஸ்டாவில் பார்க்க சூப்பரா இருக்கும். அதில் வராத ஒரு விஷயம், வண்டிக்குள் கேட்கிற அந்த 'டொக் டொக்'.

கார் என்றால் சத்தம் வந்தால் மெக்கானிக்கிடம் விடுவீர்கள். கேரவனில் பிரச்னையே வேறு. அது வண்டியா, வீடா என்று அதற்கே தெரியாது. ஏ.சி கம்ப்ரஸர், தண்ணீர் மோட்டார், ஃப்ரிட்ஜ், மடக்குக் கட்டில், அடுப்பு எல்லாம் ஒரே கூரைக்குக் கீழே ஆடிக்கொண்டிருக்கின்றன. 100 லிட்டர் தண்ணீர் டேங்க் என்றால் 100 கிலோ. அது பாதி நிறைந்திருந்தால் பிரேக் போடும் ஒவ்வொரு முறையும் முன்னால் வந்து மோதும். 'கியர்பாக்ஸ் போச்சு' என்று பயந்தால், கடைசியில் காரணம் இந்த டேங்க்காக இருக்கும்.

அதனால் வீட்டுச் சாமான்களைத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும். எல்லா ஸ்விட்ச்சையும் ஆஃப் பண்ணுங்கள். பாத்திரத்தை எடுத்து வெளியே வையுங்கள், கட்டிலை இறுக்கிக் கட்டுங்கள். அப்புறம் வண்டியை நிறுத்தியபடியே இன்ஜினை ஸ்டார்ட் பண்ணி, ஆக்ஸிலரேட்டரை மெதுவாக மிதியுங்கள். சத்தத்தின் வேகம் இன்ஜினோடு சேர்ந்து ஏறி இறங்கினால் அது இன்ஜினிலோ, இன்ஜின் சுற்றுகிற பெல்ட், பம்ப், ஆல்டர்னேட்டரிலோ இருக்கிறது. நிற்கும்போது சத்தமே இல்லை, ஓடினால் மட்டும் வருகிறது என்றால் ஒரே 40 கி.மீ வேகத்தில் மூன்றாவது கியரில் ஒருமுறை, நாலாவதில் ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். கியர் மாறியும் சத்தம் மாறவில்லையா? வீல் பேரிங், டயர், பின்னாலே போகிற ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட் பக்கம் தேடலாம். கியருக்கு ஏற்ப சுருதி மாறினால் திரும்பவும் இன்ஜின் பக்கம் வாருங்கள்.

கிளட்ச் ஒரு நல்ல சாட்சி. நியூட்ரலில் இன்ஜின் ஓடும்போது உறுமல் கேட்கிறது, கிளட்சை மிதித்ததும் நின்றுவிடுகிறது என்றால் சந்தேகம் கியர்பாக்ஸின் உள்ளே இருக்கிற பேரிங் மேல். மிதித்தால்தான் வருகிறது என்றால் கிளட்ச் ரிலீஸ் பேரிங். இதைக் கண்டுபிடிக்க லேப்டாப் வேண்டாம், ஸ்கேனர் வேண்டாம். இடது கால் போதும்.

இன்ஜினுக்குள்ளேதான் சத்தம் என்றால், எப்போது வருகிறது என்பதுதான் முக்கியம். காலையில் டீசல் இன்ஜின் 'கட கட'வென்று அடிப்பது பெரும்பாலும் இயல்பு. குளிர்ந்த சிலிண்டரில் டீசல் பற்றிக்கொள்ளக் கொஞ்சம் தாமதமாகிறது, பிறகு மொத்தமாக ஒரே வெடிப்பு. சூடானதும் அடங்கிவிடும். பயப்பட வேண்டியது இதற்கு நேர்மாறானது. காலையில் அமைதி, இன்ஜின் சூடேறி ஆயில் இளகியதும், மலை ஏறும்போது அடியிலிருந்து கனமாக ஒரு 'தொக் தொக்'. அது கனெக்டிங் ராட் பேரிங்காக இருக்கலாம். கூடவே ஆயில் பிரஷர் விளக்கு எரிந்தால் 'அடுத்த பங்க் வரைக்கும் போயிடலாம்' என்று நினைக்கவே வேண்டாம். ஓரங்கட்டி இன்ஜினை ஆஃப் பண்ணுங்கள். ஒரு பேரிங் செட்டில் முடிகிற செலவை முழு இன்ஜின் செலவாக மாற்றுவது அந்தப் பத்து கிலோமீட்டர்தான்.

மேலே, வால்வ் பக்கம் வருகிற 'டிக் டிக்' வேறு. நாலு ஸ்ட்ரோக் இன்ஜினில் கிராங்க் இரண்டு சுற்று சுற்றினால்தான் ஒரு வால்வ் ஒருமுறை திறக்கும். அதனால் அந்த டிக் இன்ஜின் வேகத்தில் பாதிதான் அடிக்கும். பழைய மெக்கானிக் அண்ணன்கள் நீளமான ஸ்க்ரூட்ரைவரின் நுனியை இன்ஜினில் வைத்து, பிடியைக் காதில் வைத்துக் கேட்பார்களே, இந்த வித்தியாசத்தைப் பிடிக்கத்தான். ஆனால் அவர்களின் இன்னொரு டெக்னிக்கை இன்றைய வண்டியில் செய்யக் கூடாது. எந்த சிலிண்டர் அடிக்கிறது என்று பார்க்க, ஓடும் இன்ஜினில் இன்ஜெக்டர் பைப்பை ஒவ்வொன்றாக லூஸ் பண்ணுவார்கள். காமன் ரெயில் டீசலில் அந்தப் பைப்புக்குள் இருக்கும் அழுத்தம் 1,000 பாருக்கு மேல் போகும். பீய்ச்சி அடித்தால் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். அந்த வேலையை ஸ்கேனரில் செய்யட்டும்.

(வாட்ஸ்அப்பில் 'எல்லாத்துக்கும் இ20 பெட்ரோல்தான் காரணம்' என்று யாராவது ஃபார்வேர்டு பண்ணினால், உங்கள் கேரவன் டீசலில் ஓடுகிறது என்று மட்டும் பதில் போடுங்கள்.)

ஆப் கண்டுபிடிக்காதா?

கேட்பீர்கள் என்று தெரியும். ஸ்கோடா இப்படி ஒரு 'சவுண்ட் அனலைசர்' ஆப்பை வொர்க்‌ஷாப்களில் சோதித்துப் பார்த்திருக்கிறது. வண்டியின் சத்தத்தைப் பதிவு செய்து, ஏற்கெனவே இருக்கிற மாதிரிச் சத்தங்களோடு ஒப்பிடும். ஒரே மாதிரி லட்சக்கணக்கில் தயாராகும் கார்களுக்கு அது சரி. கேரவன் அப்படி இல்லை. சேஸிஸ் ஃபேக்டரியில் வருகிறது, அதன்மேல் வீட்டைக் கட்டுவது வேறொரு பாடி பில்டர். ஒவ்வொன்றும் ஒவ்வொரு மாதிரி. ஒப்பிட எதை வைத்து ஒப்பிடுவது?

சத்தத்தை சாஃப்ட்வேர் கேட்பது எவ்வளவு பெரிய விஷயம் என்பதற்கு ஹூண்டாய் ஓர் உதாரணம். அமெரிக்காவில் விற்ற 'தீட்டா 2' இன்ஜின்களில், தயாரிப்பின்போது தங்கிய உலோகத் துகள்கள் ஆயில் வழியை அடைத்து பேரிங்கைத் தின்றன. 2015-லிருந்து ரீகால் மேல் ரீகால். கடைசியில் கம்பெனி, இன்ஜினில் ஏற்கெனவே இருந்த நாக் சென்சரையே காதாக மாற்றியது. பேரிங் தேய்கிற அதிர்வு கேட்டதும் விளக்கு எரியும், வண்டி தானாக வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். ரீகாலைத் தாமதப்படுத்தியதற்காக 2020-ல் ஹூண்டாயும் கியாவும் அமெரிக்க அரசோடு செய்த உடன்பாட்டின் மொத்த மதிப்பு 21 கோடி டாலர். விஷயத்தை வெளியே சொன்ன முன்னாள் ஊழியருக்கு அடுத்த ஆண்டு 2.4 கோடி டாலருக்கும் மேல் வெகுமதி. நம்ம இருங்காட்டுக்கோட்டை ஆலைக்கும் இதற்கும் தொடர்பில்லை. ஆனால் வாடிக்கையாளர் 'ஏதோ சத்தம் வருது' என்று சொன்னதை யாராவது காது கொடுத்துக் கேட்டிருந்தால் எவ்வளவு மிச்சமாகியிருக்கும் என்று யோசியுங்கள்.

வடகரையில் நடந்தது

இவ்வளவு நேரம் பேசியது ஓடுகிற இன்ஜினைப் பற்றி. கேரவனில் இன்னோர் இன்ஜின் இருக்கிறது. வண்டி நிற்கும்போது ஏ.சி-க்கும் விளக்குக்கும் கரன்ட் தருகிற ஜெனரேட்டர். நிறைய பேர் 'இன்ஜின் சத்தம்' என்று சொல்வது இதைத்தான்.

2024 டிசம்பர் 23. கேரளாவின் வடகரையில், நெடுஞ்சாலை ஓரம் நின்ற ஒரு கேரவனுக்குள் இரண்டு பேர் இறந்து கிடந்தார்கள். வெளியிலிருந்து பார்த்தால் வண்டிக்கு ஒன்றும் ஆகவில்லை. ஏ.சி போட்டுத் தூங்கியவர்கள் எழுந்திருக்கவே இல்லை. கோழிக்கோடு என்.ஐ.டி நிபுணர்கள் அதே வண்டியில் ஜெனரேட்டரை ஓடவிட்டுச் சோதித்தார்கள். அதிலிருந்து வந்த கார்பன் மோனாக்ஸைடு, வண்டியின் தளத்தில் இருந்த ஓர் ஓட்டை வழியாக உள்ளே நுழைந்தது தெரியவந்தது.

கார்பன் மோனாக்ஸைடுக்கு நிறமில்லை, மணமில்லை. ரத்தத்தில் இருக்கிற ஹீமோகுளோபினோடு ஆக்ஸிஜனைவிட 200 மடங்குக்கும் மேல் வலுவாக ஒட்டிக்கொள்ளும். முதலில் தலைவலி, குமட்டல், அப்புறம் அசதி. டூர் போனால் யாருக்குத்தான் அசதி இருக்காது? அதனால்தான் யாருக்கும் சந்தேகம் வருவதில்லை.

இங்கேதான் சத்தம் உயிர் காக்கிற விஷயமாகிறது. ஜெனரேட்டர் நேற்றுவரை ஒரே சீராக ஓடி, இன்று 'புஸ் புஸ்' என்று மூச்சு விடுகிறதா? புகைக்குழாயில் எங்கோ கசிவு இருக்கலாம். பெரிய இன்ஜினிலும் அப்படித்தான். மேனிஃபோல்டு கேஸ்கெட் போனால் ஸ்டார்ட் பண்ணியதும் 'டிக் டிக்' என்று கேட்கும், உலோகம் சூடாகி விரிந்ததும் அடங்கும். 'தானா சரியாயிடுச்சு' என்று விட்டுவிடுவோம். காரில் அது வெறும் சத்தம். உள்ளே ஆறு பேர் ஜன்னலை அடைத்துத் தூங்குகிற வண்டியில் அது வேறு விஷயம். சத்தம் வந்தால்கூடப் பரவாயில்லை. வடகரையில் ஓட்டை எந்தச் சத்தமும் போடவில்லை.

யார் பொறுப்பு?

மோட்டார் கேரவன்களுக்கு இந்தியாவில் ஏ.ஐ.எஸ்-124 என்று தனி ஸ்டாண்டர்டு இருக்கிறது. அதன்படி சோதித்து அனுமதி வாங்கிய வண்டி ஒருவகை. பழைய டிராவலரை வாங்கி உள்ளே கட்டில் அடித்து, தளத்தில் டிரில் போட்டு ஒயர் இழுத்த வண்டி இன்னொரு வகை. கம்பெனி கொடுத்த வடிவத்தை இஷ்டத்துக்கு மாற்றக் கூடாது என்று 2019 ஜனவரியிலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. 2021-ல் 'இ-புல் ஜெட்' யூடியூபர்களின் கேரவனை கேரளப் போக்குவரத்துத் துறை கண்ணூரில் பறிமுதல் செய்தபோது இணையம் முழுக்க 'பாவம் பசங்க' என்றுதான் பேச்சு. ஸ்டிக்கர், லைட் விஷயத்தில் அதிகாரிகள் கெடுபிடி காட்டுவது எரிச்சலாகத்தான் இருக்கும். ஆனால் தளத்தில் போடுகிற ஒவ்வோர் ஓட்டைக்கும் யாராவது ஒருவர் பதில் சொல்லியாக வேண்டும்.

அனுமதி பெற்ற வண்டியிலும் ஒரு சிக்கல் உண்டு. சேஸிஸுக்கு வாரன்ட்டி ஒருவர், பாடிக்கு இன்னொருவர், ஜெனரேட்டருக்கு மூன்றாமவர். 'சத்தம் எங்க பக்கம் இல்லை' என்று மூவரும் கைகாட்டினால் நடுவில் நிற்பது ஓனர். மத்திய அரசு 2022-ல் கொண்டுவந்த 'ரைட் டு ரிப்பேர்' முயற்சியில் வாகனத் துறையும் உண்டு. ஆனால் லோக்கல் மெக்கானிக் கையில் கம்பெனி ஸ்கேனரின் முழு விவரம் கிடைக்கிற நாள் இன்னும் வரவில்லை. நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம் என்றால், 2019 சட்டப்படி லாபத்துக்காகத் தொழில் நடத்த வாங்கியவர் 'நுகர்வோர்' இல்லை. சுயதொழிலாகப் பிழைப்புக்கு ஓட்டுகிறவருக்கு மட்டும் விலக்கு. பத்து கேரவன் வைத்திருப்பவருக்கு அந்தக் கதவு மூடியிருக்கிறது. வாடகைக்கு எடுக்கிற உங்களுக்குத் திறந்திருக்கிறது. 1915 ஹெல்ப்லைனில் தொடங்கலாம்.

புகார் சொல்ல ஆதாரம் வேண்டும். சத்தம் வரும்போது ஆர்.பி.எம் மீட்டர் தெரிகிற மாதிரி வீடியோ எடுங்கள். ஓட்டுகிறவர் இல்லை, பக்கத்தில் இருப்பவர். வண்டி சூடா, குளிர்ச்சியா, ஏ.சி ஓடியதா, மேடா, சமதளமா என்று வாயால் சொல்லிக்கொண்டே எடுங்கள். போன் ஸ்பீக்கரில் கனமான 'தொக்' சரியாகக் கேட்காது, இயர்போனில் கேட்டுப் பார்க்கச் சொல்லி அனுப்புங்கள்.

வண்டியை எடுக்கும் முன் ஓனரிடம் ஆர்.சி-யில் மோட்டார் கேரவன் என்று இருக்கிறதா என்று பாருங்கள். ஜெனரேட்டர் எங்கே இருக்கிறது, அதன் புகை எந்தப் பக்கம் போகிறது என்று காட்டச் சொல்லுங்கள். உள்ளே கார்பன் மோனாக்ஸைடு அலாரம் இருக்கிறதா? டெஸ்ட் பட்டனை அழுத்திக் கேளுங்கள். இல்லையென்றால் நீங்களே ஒன்று வாங்கிக் கட்டில் பக்கத்தில் வையுங்கள், ஆன்லைனில் கிடைக்கிறது. ராத்திரி நிறுத்தும்போது புகைக்குழாய் சுவரைப் பார்த்தோ புதரைப் பார்த்தோ இருக்க வேண்டாம். தூங்கப் போகும்போது ஜெனரேட்டர் ஆஃப். கொசு கடிக்கும்தான், வலை எடுத்துட்டுப் போங்க.