பழைய கொங்கிரீட் தண்ணீர் குடிக்கும்



பள்ளிவாசலின் பழைய மேல்மாடியை உடைக்கத் தீர்மானித்த நாளிலிருந்து ஊரில் இரண்டு கட்சி. "உடைத்த கொங்கிரீட்டை மெஷினில் போட்டு சல்லியாக்கி புதுப் பிளேட்டுக்கே போடுவோம், காசும் மிச்சம், இஸ்ராபும் இல்லை" என்கிறது ஒரு கட்சி. "பழைய குப்பையாலயா அல்லாஹ்வின் வீட்டைக் கட்டுறது, கொண்டுபோய் களப்போரம் கொட்டுங்க" என்கிறது மற்றது. நமக்கு இரண்டிலும் உடன்பாடில்லை. காரணத்தைக் கொஞ்சம் நீளமாகத்தான் சொல்ல வேண்டியிருக்கிறது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன வாரம் பத்தாம் தர மாணவர்களோடு ஒரு சின்ன வேலை செய்து பார்த்தோம். காய்ந்த கருங்கல் சல்லியை நிறுத்து, ஒரு நாள் முழுக்கத் தண்ணீரில் ஊறப்போட்டு, துணியால் துடைத்துத் திரும்ப நிறுத்தோம். நிறை கூடியதே தெரியவில்லை. உடைத்த பழைய கொங்கிரீட் துண்டுகளை அதேபோல் நிறுத்தபோது பிள்ளைகளே ஆச்சரியப்பட்டார்கள். வெளிப்பார்வைக்கு அதுவும் கல்தான். ஆனால் கல்லைச் சுற்றிப் பழைய சீமெந்துச் சாந்து ஒட்டியிருக்கிறது. அது முழுக்க நுண்துளை, வெடிப்பு. நல்ல கருங்கல் பொதுவாகத் தன் நிறையில் 1 வீதத்துக்கும் குறைவாகவே தண்ணீர் உறிஞ்சும். கொங்கிரீட்டை உடைத்தெடுத்த சல்லி 3 முதல் 8 வீதம் வரை, சிலவேளை அதற்கும் மேல் உறிஞ்சும். செங்கல் துண்டு கலந்திருந்தால் இன்னும் மோசம்.

இதைச் சீமெந்துப் பைக் கணக்கில் பாருங்கள். ஒன்றுக்கு இரண்டு, நான்கு என்று கலந்தால், 50 கிலோ பை ஒன்றுக்குச் சல்லி ஏறக்குறைய 200 கிலோ போகும். அந்தச் சல்லி 5 வீதம் குடித்தால் 10 லீற்றர். சீமெந்துக்கு நாம் ஊற்றுவதே 25 லீற்றர் அளவில்தான். அதாவது, காய்ந்த பழைய சல்லியைப் போட்டுக் கலந்தால் சில நிமிடங்களிலேயே கலவை இறுகத் தொடங்கும். மேசன்மார் என்ன செய்வார்கள்? பைப்பைத் திறந்துவிடுவார்கள். அவர்களைக் குறை சொல்லவில்லை. இறுகிய கலவையை மட்டம் போட முடியாதே. ஆனால் எவ்வளவு தண்ணீரைக் கல் குடித்தது, எவ்வளவு சீமெந்தோடு நின்றது என்பது கண்ணுக்குத் தெரியாது. குவியலின் மேல்பக்கம் வெயிலில் காய்ந்திருக்கும், அடிப்பக்கம் ஈரமாக இருக்கும். இரவு மழை பெய்தால் கல் ஏற்கெனவே நிறையக் குடித்திருக்கும், அதிலும் பழைய கணக்கிலேயே தண்ணீர் ஊற்றினால் மிதமிஞ்சிய தண்ணீர்தான் சீமெந்தோடு சேரும். ஒரே பிளேட்டில் காலையில் போட்ட கொங்கிரீட் ஒரு தரம், பின்னேரம் போட்டது வேறு தரம்.

இதற்குப் பரிகாரம் இருக்கிறது. முதல் நாளே சல்லியை நன்றாக நனைத்து வைத்து, வடியவிட்டு, உள்ளே ஈரமும் வெளியே மினுமினுப்பில்லாமலும் இருக்கும் பதத்தில் கலக்க வேண்டும். கலக்கும்போதும் மணலுக்கும் சல்லிக்கும் பாதித் தண்ணீரை விட்டு, பிறகு சீமெந்து, கடைசியில் மிச்சத் தண்ணீர் என்று இரண்டு தடவையாக ஊற்றினால், சீமெந்துப் பால் அந்தத் துளைகளை ஓரளவு அடைக்கும். ஒழுங்காக நனைத்த கல் உள்ளிருந்து ஈரத்தை மெதுவாக விட்டுக் கொங்கிரீட் விளையவும் உதவும்.

ஆக, இந்தச் சல்லி விலக்கப்பட்ட பொருள் அல்ல. ஜப்பானில் இதற்கென்றே தரங்கள் வகுத்து வைத்திருக்கிறார்கள். பருஞ்சல்லிக்கு நீர் உறிஞ்சும் எல்லை உயர் தரத்தில் 3 வீதம், நடுத்தரத்தில் 5, தாழ்ந்ததில் 7. கல் எவ்வளவு குடிக்கிறது என்பதை வைத்துத்தான் அது எங்கே போகலாம் என்று முடிவெடுக்கிறார்கள்.

நமது பிரச்சினை வேறு. நாம் இருப்பது கடலோரம். உடைக்கப்போவது 2004 டிசம்பர் 26இல் கடல் ஏறி நின்ற கட்டடம். அதன் பின்னும் இத்தனை வருட உப்புக்காற்றை வாங்கிக்கொண்டு நின்றது. அந்தச் சாந்துக்குள் ஏற்கெனவே உப்பு இருக்கும், அதைச் சல்லியாக்கினால் உப்பும் சேர்ந்தே புதுக் கலவைக்குள் வரும். போதாததற்கு, இந்தக் கொங்கிரீட் இறுகிய பிறகும் சாதாரணக் கொங்கிரீட்டைவிட ஈரலிப்பை இழுக்கும், காயும்போது கூடுதலாகச் சுருங்கி வெடிக்கும். உப்பும் ஈரமும் காற்றும் கம்பிக்குப் போய்ச் சேர்ந்தால் கறல்தான். கறல் பிடித்த கம்பி பருத்து, கொங்கிரீட்டைப் பொருக்குப் பொருக்காகத் தள்ளிவிடும். கடற்கரைப் பக்க வீடுகளில் பிளேட்டின் அடியில் கம்பி தெரிவதை நாம் பார்க்காததா? பிரித்தானியத் தரவிதி கூடப் பருஞ்சல்லியில் 20 வீதம் வரைதான் இதைப் பொதுவாக அனுமதிக்கிறது, அதுவும் கடலுப்புப் படும் இடங்களுக்கு அல்ல.

அந்தப் பிளேட்டின் கீழே தொழப்போவது நம் பிள்ளைகள். கட்டும் காசு ஜமாஅத்தின் அமானத்.

களப்போரம் கொட்டச் சொல்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. மாரியில் வெள்ளம் வடிய வழியில்லை என்று டிசம்பரில் கத்துவதும் நாம்தான், அந்த வழியை இடிபாடு கொட்டி அடைப்பதும் நாம்தான். கம்பியில்லாத வேலை எவ்வளவோ இருக்கிறது. அத்திவாரத்துக்கு அடியில் போடும் மெல்லிய கொங்கிரீட், வுழூச் செய்யும் இடத்துக்குப் போகும் நடைபாதைக் கல், முற்றம், மதிலோரத்து நிரப்பல். அங்கெல்லாம் இந்தச் சல்லியைத் தாராளமாகப் போடலாம். ஓடு, பூச்சு, செங்கல், பலகையை மட்டும் உடைக்கும்போதே பிரித்து எடுக்க வேண்டும், கலந்த பிறகு யாராலும் பிரிக்க முடியாது. நைந்த தூள் கலவைக்கு வேண்டாம், நிரப்பலுக்குப் போகட்டும். பிளேட்டுக்கும் தூணுக்கும் பீமுக்கும் புதுக் கருங்கல்லே வரட்டும்.

வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பின் நிர்வாகம் ஜமாஅத்தாரைக் கூப்பிட்டிருக்கிறது. கொந்தராத்துக்காரரிடம் மூன்று கேள்வி கேளுங்கள்: இந்தச் சல்லி எத்தனை வீதம் தண்ணீர் குடிக்கிறது? உப்பு பரிசோதித்தீர்களா? எந்தெந்த வேலைக்குப் போடப் போகிறீர்கள்? முதல் கேள்விக்குப் பதில் இல்லையென்றால், பாடசாலைத் தராசையும் முதல் நாளே ஊறப்போட்ட ஒரு வாளிச் சல்லியையும் நாம் கொண்டு வருகிறோம்.