முழு லோடு கேட்பவர்கள் நாம்தானே?

மண்டியில் தக்காளிப் பெட்டியைத் திறந்ததும் துளை விழுந்த காய் கண்ணில் பட்டால் கழிவு போடுகிறோம். தவறில்லை. ஆனால் அந்தப் புழு ஏன் பெருகுகிறது என்று நாம் எண்ணிப் பார்த்ததுண்டா?

கண்ணுக்கு எட்டிய தூரம் ஒரே பயிர் என்றால் பூச்சிக்கு அது விருந்து. தேடி அலைய வேண்டியதில்லை. மருந்து மேல் மருந்து அடித்தால் புழுவைத் தின்னும் நல்ல பூச்சிகள் மடிகின்றன. புழுவோ மருந்துக்குப் பழகிக்கொள்கிறது.

பெங்களூரில் உள்ள இந்திய தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனம் சொன்ன வழி எளிது. 16 வரிசை தக்காளிக்கு ஒரு வரிசை செண்டுமல்லி. 40 நாள் செண்டுமல்லி நாற்றையும் 25 நாள் தக்காளி நாற்றையும் ஒரே சமயத்தில் நட்டால் இரண்டும் சேர்ந்து பூக்கும். காய்ப்புழுவின் தாய் அந்துப்பூச்சி செண்டுமல்லியை நாடி முட்டையிடும். முட்டைக்கோஸுக்கு இதே வேலையைக் கடுகு செய்கிறது. பொறியாக நட்ட வரிசையைக் கவனிக்காமல் விட்டால் அதுவே புழுப் பண்ணையாகிவிடும் என்பதையும் மறக்கலாகாது.

"ஒரே ரகம், முழு லோடு" என்று விவசாயியிடம் கேட்பவர்கள் நாம்தானே? நாலு கூடை தக்காளி, இரண்டு கூடை அவரை, ஒரு கூடை பூ என்று கலந்து வரும் சரக்கையும் முகம் சுளிக்காமல் இறக்குவோம். நாம் விற்கும் காய்தான் நம் வீட்டுச் சட்டியிலும் வேகிறது.