‘கண்டவர்கள்’ வரக்கூடாத பூங்கா

கோடை விடுமுறை வந்தால் போதும், ‘குடும்பத்தோடு போய்வர வேண்டிய பூங்காக்கள்’ என்று பட்டியல் போடத் தொடங்கிவிடுகிறார்கள். அந்தக் ‘குடும்பம்’ யாருடைய குடும்பம் என்பதுதான் எங்கள் கேள்வி.

பெரும்பாக்கத்துக் குடும்பம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். ஆற்றங்கரையிலிருந்து பெயர்த்து, நகரத்துக்கு வெளியே அடுக்குமாடிகளில் அடைக்கப்பட்டவர்கள். அம்மா வீட்டுவேலை, அப்பா பெயிண்டர், மூன்று பிள்ளைகள். 2024 அக்டோபரில் கதீட்ரல் சாலையில் திறக்கப்பட்ட கலைஞர் நூற்றாண்டுப் பூங்காவுக்குப் போக ஆசைப்படுகிறார்கள். பெரியவர்களுக்கு 100, சிறுவர்களுக்கு 50 என்று திறந்தபோதே கட்டணம் வைத்தார்கள். அப்படியானால் வாசலிலேயே 350 ரூபாய். உள்ளே ஜிப்லைனுக்குத் தனி டிக்கெட், பறவையகத்துக்குத் தனி, இசை நீரூற்றுக்குத் தனி. பஸ்ஸில் அம்மாவுக்குக் கட்டணம் இல்லை, சரி. ஜிப்லைனைப் பார்த்துவிட்ட பிள்ளைகளுக்கு அப்பா என்ன பதில் சொல்வார்?

நீண்ட வழக்குகளுக்குப் பிறகு அரசு மீட்ட நிலம் அது. மீட்டபோது மகிழ்ந்தவர்கள்தான் நாங்களும். பொது நிலம் என்றால் பொதுமக்களுக்கு என்று நம்பிவிட்டோம்.

தோழர்களே, இந்தப் ‘பொது’ என்ற சொல் நமக்குச் சும்மா கிடைத்ததல்ல. தெருவில், கிணற்றில், மக்கள் கூடும் இடங்களில் எல்லோருக்கும் உரிமை உண்டு என்று 1924இல் சென்னை மாகாணச் சட்டமன்றத்தில் தீர்மானம் கொண்டுவந்தவர் இரட்டைமலை சீனிவாசன். 1927இல் மகாத் குளத்தில் இறங்கித் தண்ணீர் அள்ளினார் அம்பேத்கர். அரசு நிதியில் பராமரிக்கப்படும் பொது இடங்களில் சாதியின் பெயரால் யாரையும் தடுக்கக் கூடாது என்கிறது அரசியலமைப்பின் 15(2). டிக்கெட் கவுன்ட்டர் சாதி கேட்பதில்லை, உண்மைதான். கேட்காமலே யாரை வெளியே நிறுத்துகிறது என்று வாசலில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நின்று பாருங்கள். உள்ளே புல் வெட்டவும் கழிப்பறை கழுவவும் போகிறவர்களுக்கு மட்டும் டிக்கெட் தேவையில்லை.

எங்கள் மாலை வகுப்புப் பிள்ளைகளைக் காசு திரட்டி ஒரு பூங்காவுக்கு அழைத்துப் போனோம். டிக்கெட் வாங்கிய பிறகும் காவலாளி, “எந்த ஏரியா?” என்றார். சொன்னதும் பைகளைத் திறக்கச் சொன்னார். எங்களுக்கு முன்னால் போனவர்களின் பையை அவர் தொடவில்லை. உள்ளே பெஞ்சில் இருந்த ஓர் அம்மா, “டிக்கெட்டை இன்னும் ஏத்தணும், கண்டவங்க எல்லாம் வந்துடறாங்க” என்றார். திரும்பும்போது பஸ்ஸில் ஏழாம் வகுப்புப் பெண் கேட்டாள்: “அக்கா, கண்டவங்கன்னா யாரு?”

கட்டணம் இல்லாவிட்டால் பூங்கா பாழாகிவிடும் என்கிறார்கள். பெங்களூரு கப்பன் பூங்காவுக்கு நுழைவுக் கட்டணம் இல்லை. மயிலாப்பூர் நாகேஸ்வர ராவ் பூங்காவுக்கும் இல்லை. இலவசம் மயிலாப்பூரைக் கெடுக்காதாம், பெரும்பாக்கத்தை மட்டும் கெடுத்துவிடுமாம்!

தோட்டக்கலைத் துறைக்கு மனு எழுதிக்கொண்டிருக்கிறோம். வாரத்தில் ஒரு நாள், அதுவும் ஞாயிற்றுக்கிழமையே, எல்லோருக்கும் நுழைவு இலவசம். அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு எல்லா நாளும் இலவசம். மறுகுடியமர்வுப் பகுதிகளில் நிழல் தரும் மரங்களோடு பெரிய பூங்கா. உங்கள் ஊர்ப் பூங்காவின் கட்டணப் பலகையைப் படமெடுத்து அனுப்புங்கள், மனுவோடு இணைக்கிறோம். அந்தப் பெண்ணும் கையெழுத்துப் போடுவேன் என்கிறாள்.