மாரிகுப்பத்து அச்சு எழுத்துக்களும் கைப்பேசிப் புத்தகங்களும்



மாரிகுப்பம் இரயில் நிலையத்தில் விடியுமுன் பெங்களூருக்குப் புறப்படும் இரயிலில் ஏறிப் பழகியவர்கள் உங்களில் அநேகர் உண்டு. சாம்பியன், உரிகம், கோரமண்டல் என்று ஒவ்வொரு நிலையமாகக் கடந்து பங்காரப்பேட்டை வந்து சேர்வதற்குள் பெட்டியில் நிற்கவும் இடமிராது. 2001 பிப்ரவரி 28 அன்று சுரங்கம் மூடப்பட்டபின்பு தங்கவயலின் அநேகக் குடும்பங்களுக்கு இந்தத் தண்டவாளமே பிழைப்பாயிற்று. முன்பெல்லாம் இந்தப் பெட்டிகளில் ஒரே செய்தித்தாளை நான்கு பேர் பிரித்துப் படிப்பார்கள். முன்பக்கம் ஒருவர் கையில், நடுத்தாள் எதிர் இருக்கையில். இன்றோ ஒவ்வொருவர் கையிலும் கைப்பேசி. அதில் விளையாடுகிறவரும் உண்டு, படம் பார்க்கிறவரும் உண்டு, வேதம் வாசிக்கிறவரும் உண்டு. சிலர் முழுப் புத்தகத்தையே வாசித்து முடிக்கிறார்கள்.

புத்தகம் என்னும் பொருள் நம் கண்முன்னே உருமாறிக்கொண்டிருக்கிறது. இதைக் குறித்து எழுத வேண்டுமென்று எண்ணியபோது, சென்னையையோ அமெரிக்காவையோ முதலில் நினைக்கத் தோன்றவில்லை. நம்முடைய தங்கவயலே நினைவுக்கு வந்தது. தங்கம் எடுத்த ஊர் இது என்பது உலகுக்குத் தெரியும். இது தமிழ்ப் புத்தகம் அச்சடித்த ஊர் என்பது நம்மிலேயே எத்தனை பேருக்குத் தெரியும்?

அயோத்திதாச பண்டிதர் 1907ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் சென்னை இராயப்பேட்டையிலிருந்து ‘ஒரு பைசாத் தமிழன்’ என்னும் வார இதழைத் தொடங்கினார். ஓராண்டுக்குப்பின் அது ‘தமிழன்’ என்று பெயர் பெற்றது. அவருடைய விசுவாசம் நம்முடையதன்று. அவர் பௌத்தத்தைத் தழுவியவர். ஆனாலும் அவ்விதழை வாங்கி வாசித்து, கைப்பொருள் கொடுத்துத் தாங்கியவர்களில் மாரிகுப்பத்துச் சுரங்கத் தொழிலாளர்கள் முக்கியமானவர்கள் என்பதை மறைப்பது நியாயமாகாது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே மாரிகுப்பத்தில் சாக்கைய பௌத்த சங்கத்தின் கிளை இயங்கியது. பண்டிதர் 1914இல் மரித்தார். பின்பு 1926இல் ஜி. அப்பாதுரையார் ‘தமிழன்’ இதழைச் சாம்பியன் ரீஃப்பிலிருந்து மீண்டும் நடத்தினார். சித்தார்த்தா புத்தகசாலை என்னும் பெயரில் பண்டிதரின் நூல்கள் இங்கிருந்தே வெளிவந்தன.

அந்நாளில் ஒரு புத்தகம் அச்சிடுவது எத்தகைய வேலை என்பதைச் சற்றே எண்ணிப்பாருங்கள். ஒவ்வொரு எழுத்தும் ஒரு ஈயத் துண்டு. அச்சுக்கோப்பவர் மரப்பெட்டியின் அறைகளிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து, இடம் வலம் மாறிய நிலையில், வரி வரியாக அடுக்குவார். கொம்பு ஒன்று, கால் ஒன்று, புள்ளி ஒன்று எல்லாம் தனித்தனி. புரூஃப் எடுத்து, பிழை திருத்தி, அச்சடித்து முடிந்தபின் அந்த எழுத்துக்களை மறுபடியும் பிரித்து அதனதன் அறையில் போடவேண்டும். இல்லாவிட்டால் அடுத்த பக்கத்திற்கு எழுத்துப் போதாது! ஆகவே இரண்டாம் பதிப்பு என்றால் முதலிலிருந்து எல்லாவற்றையும் கோக்க வேண்டியதே. பாறையில் துளையிட்டுப் பொன் எடுத்தவர்களின் ஊரில், அதற்குச் சற்றும் குறையாத பாடுள்ள இந்த வேலையும் நடந்தது.

தரங்கம்பாடியில் சீகன்பால்க் ஐயர் புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சிட்டு 1715இல் முடித்ததை நாம் ஞாயிறு பள்ளியிலேயே கேட்டிருக்கிறோம். ஜெர்மனியின் ஹாலே நகரிலிருந்து வந்த எழுத்துக்கள் மிகப் பெரியவையாயிருந்தன; தாளோ விலையுயர்ந்தது. ஆகையால் தரங்கம்பாடியிலேயே சிறிய எழுத்துக்களை வார்த்துக்கொண்டார்கள். அன்று புத்தகத்தின் அளவை நிர்ணயித்தது தாளும் ஈயமுமே. ஏறக்குறைய 250 ஆண்டுகள் அந்நிலை பெரிதாக மாறவில்லை.

பின்பு ஆஃப்செட் வந்தது, கணினி வந்தது. 1990களில் எந்த ஊரிலும் ‘டிடிபி’ என்ற பலகையைக் காணலாம். ஈயம் போய், விசைப்பலகையில் தட்டச்சு செய்து பேஜ்மேக்கரில் பக்கம் அமைத்தார்கள். வேலை எளிதாயிற்று, ஆனால் பிரதிகளின் எண்ணிக்கை குறையவில்லை. ஆஃப்செட் முறையில் ஒவ்வொரு தொகுதிப் பக்கத்திற்கும் பிளேட் செய்தாக வேண்டும். 100 பிரதிக்கும் அதே பிளேட், 1,000 பிரதிக்கும் அதே பிளேட். எனவே ஆயிரமோ ஆயிரத்து இருநூறோ அடித்தால்தான் ஒரு பிரதியின் விலை கட்டுப்படியாகும் என்பது தமிழ்ப் பதிப்பாளர்களின் வழக்கம்.

இதனால் துன்பப்பட்டவர்கள் நம் சபைகளிலும் உண்டு. ஒரு போதகர் தம்முடைய பிரசங்கங்களைத் தொகுத்து, கடன் வாங்கி ஆயிரம் பிரதிகள் அச்சிடுவார். கன்வென்ஷனில் 150 விற்கும். நண்பர்களுக்கு 100 இலவசம். மீதி கட்டிலுக்கடியில் கரையானுக்கு! இப்படிப்பட்ட கட்டில்களை நானும் கண்டிருக்கிறேன், நீங்களும் கண்டிருப்பீர்கள்.

இப்போதைய மாற்றம் இங்கேதான் இருக்கிறது. டிஜிட்டல் அச்சு இயந்திரத்திற்குப் பிளேட் தேவையில்லை. கணினியிலுள்ள கோப்பு நேரே தாளில் பதிகிறது. 30 பிரதியானாலும் அடிக்கலாம். தீர்ந்தால் இன்னும் பத்து அடிக்கலாம். ஒரு பிரதியின் செலவு ஆஃப்செட்டைவிட அதிகம்தான், ஆனால் விற்காத 750 பிரதிகளின் பாரம் இல்லை. சென்னையிலுள்ள பெரிய பதிப்பாளர்களும் இன்று அநேக நூல்களை இம்முறையில் சிறுசிறு எண்ணிக்கையாக அடித்துக்கொள்கிறார்கள். தாளே வேண்டாமென்றால் மின்னூல் இருக்கிறது. 2016 டிசம்பரில் அமேசான் நிறுவனம் தன் கிண்டிலில் தமிழ் நூல்களுக்கு இடம் கொடுத்தது. அதற்கு மிகவும் முன்பாகவே, 1998 பொங்கல் நாளில், சுவிட்சர்லாந்தில் வாழ்ந்த கல்யாணசுந்தரம் என்னும் அறிவியலாளர் ‘மதுரைத் திட்டம்’ தொடங்கினார். உலகமெங்குமுள்ள தமிழர்கள் கூலி வாங்காமல் பழைய நூல்களைத் தட்டச்சு செய்து இலவசமாக இணையத்தில் ஏற்றினார்கள். லாபம் தேடி வந்த நிறுவனத்திற்கு 18 ஆண்டுகள் முன்பே அன்பினால் உழைத்தவர்கள் வந்துவிட்டார்கள் என்பதை இங்கே குறிப்பிடாமலிருக்க முடியவில்லை.

இனி இதில் நமக்குள்ள பங்கைக் குறித்துச் சிந்திப்போம்.

உங்கள் தகப்பனார் சுரங்கத்தில் வேலை செய்தவர் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவரிடம் ஒரு பழைய நோட்டுப் புத்தகம் இருக்கிறது. எந்த ஷாஃப்டில் இறங்கினார், பாறை வெடித்துச் சரிந்த நாளில் யார் யாரைத் தூக்கி வந்தார்கள், லைன் வீட்டின் ஒரே அறையில் எத்தனை பேர் வாழ்ந்தார்கள், முதன்முதலாக எந்த வீட்டுத் திண்ணையில் ஜெபக்கூட்டம் நடந்தது என்பதெல்லாம் அதில் இருக்கிறது. அல்லது எழுதவேயில்லை, அவர் நாவில் மட்டும் இருக்கிறது. சுரங்கத்தின் செழிப்பான நாட்களைக் கண்டவர்கள் இன்று எண்பதைக் கடந்துவிட்டார்கள். சிலிக்கோசிஸ் என்னும் நுரையீரல் நோய் அநேகரை அதற்கும் முன்னதாகவே கொண்டுபோய்விட்டது. ஆயிரம் பிரதி அடிக்கவேண்டிய காலத்தில் எந்தப் பதிப்பாளரும் இந்த நோட்டுப் புத்தகத்தை ஏறெடுத்துப் பார்த்திருக்கமாட்டார். இன்று அவருடைய தயவு தேவையில்லை. 30 பிரதிக்கு வேண்டிய பணம், பெங்களூரில் ஒரு பிறந்தநாள் கேக்கிற்கும் அலங்காரத்திற்கும் நாம் செலவிடுவதைக் காட்டிலும் மிகுதியாயிராது.

ஆனால் கைப்பேசியில் படம் பிடித்து வைத்தாயிற்று, இனிப் பயமில்லை என்று எண்ணிவிடாதிருங்கள். டிஜிட்டல் என்றால் அழியாதது என்று நினைப்பது பெரிய தவறு. 1990களில் ஒவ்வொரு நிறுவனத்தின் தமிழ் எழுத்துருவும் ஒவ்வொரு விதமாயிருந்தது. ஒன்றில் ‘க’ இருந்த இடத்தில் மற்றொன்றில் வேறெழுத்து இருக்கும். 1999இல் தமிழக அரசு சில தரங்களை வகுத்தது; பின்பு யூனிகோடு முறை பரவிற்று. அதற்கு முன் பேஜ்மேக்கரில் அமைத்து சிடியில் எழுதிவைத்த புத்தகங்களை இன்று திறந்து பாருங்கள். முதலாவது, சிடியைப் போட உங்கள் கணினியில் இடமிராது. இடமிருந்தாலும், திறந்தால் புரியாத குறிகளே தோன்றும். 25 வயதுள்ள கோப்பு வாசிக்க முடியாததாயிற்று. 90 வயதுள்ள சாம்பியன் ரீஃப் புத்தகமோ, தாள் பழுத்து ஓரம் உதிர்ந்தாலும், எழுத்துத் தெரிந்த எவரும் வாசிக்கலாம்!

அந்தப் பழைய ‘தமிழன்’ இதழ்களும் தாமாகப் பிழைத்துவிடவில்லை. அன்பு பொன்னோவியம் போன்றவர்கள் அவற்றை வீட்டில் பாதுகாத்து வைத்திருந்தார்கள். ஞான அலாய்சியஸ் அவற்றைத் தொகுக்க, பாளையங்கோட்டை தூய சவேரியார் கல்லூரியின் நாட்டார் வழக்காற்றியல் ஆய்வு மையம் 1999இல் ‘அயோத்திதாசர் சிந்தனைகள்’ என்று வெளியிட்டது. அதன்பின்பே தமிழுலகம் அவரைத் திரும்பிப் பார்த்தது. பௌத்தர் ஒருவரின் எழுத்தைக் கத்தோலிக்கக் கல்லூரி அச்சிட்டதை நான் மதிப்போடு நினைக்கிறேன். யோயாக்கீம் ராஜா சுருளை அறுத்துக் கணப்பில் போட்டபின், பாருக்கு மறுபடியும் உட்கார்ந்து முழுவதையும் எழுதியதை நீங்கள் வாசித்திருக்கிறீர்கள். சுருள் எரிந்தால் எழுதுவதற்கு ஒருவன் வேண்டும். கோப்பு அழிந்தாலும் அப்படியே.

மற்றொரு காரியம் சொல்லக் கூச்சமாயிருக்கிறது. ஆனாலும் சொல்லியாக வேண்டும். ஒரு கிறிஸ்தவப் புத்தகம் வெளிவந்த வாரத்திலேயே அதன் பிடிஎஃப் வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றுகிறது. அனுப்புகிறவர் ‘ஆசீர்வாதமாயிருக்கும்’ என்று ஒரு வரியும் சேர்த்து அனுப்புகிறார். நம் நாட்டுச் சட்டப்படி எழுத்தாளர் மரித்து 60 ஆண்டுகள் வரைக்கும் காப்புரிமை உண்டு. அயோத்திதாசரின் நூலை எவரும் அச்சிடலாம். சென்ற வருஷம் வெளிவந்த நூலை அப்படிச் செய்வது களவு. புத்தகம் எழுதினவரும் வீட்டு வாடகை கொடுக்கிறவரே.

வேதாகமத்தைக் கைப்பேசியில் வாசிக்கலாமா என்ற கேள்வியும் சபைகளில் எழுகிறது. மூத்தவர்கள் சிலர் கடிந்துகொள்கிறார்கள். இரயிலில் நின்றுகொண்டு வருகிறவனுக்கு அது பெரிய உதவி என்பதே என் எண்ணம். ஆனால் ஆராதனையின் நடுவே சங்கீதத்தின் மேல் வங்கிக் கடன் விளம்பரம் வந்து விழுவதை நானும் விரும்பவில்லை. இதற்குமேல் இதில் விவாதிக்க ஒன்றுமில்லை.

நோட்டுப் புத்தகத்திற்கே திரும்புவோம். செய்யவேண்டியவை அதிகமல்ல. முதலாவது, ஒவ்வொரு பக்கத்தையும் பகல் வெளிச்சத்தில், நிழல் விழாமல் படம் பிடியுங்கள். பின்பு யூனிகோடில் தட்டச்சு செய்யுங்கள். பேச்சைக் கேட்டு எழுதும் வசதி கைப்பேசியிலேயே இருக்கிறது. ஆனால் கன்னடமும் தெலுங்கும் கலந்த தங்கவயல் தமிழைக் கேட்டால் அது திணறும், பொறுமையாய்த் திருத்துங்கள். தகப்பனாரின் பேச்சை இலக்கணத் தமிழாக மாற்றிவிடாதிருங்கள். அவர் சொன்ன சுரங்கச் சொற்கள் வேறெங்கும் கிடையாது. அச்சிட்டுத் தருகிறோம் என்று விளம்பரம் செய்யும் நிறுவனங்களிடம் போனால், ஒப்பந்தத்தை முழுவதும் வாசித்து, உரிமை யாரிடம் இருக்கிறது என்று பார்த்தபின்பே கையெழுத்திடுங்கள். புத்தகத்திற்குரிய ஐஎஸ்பிஎன் எண்ணை இந்தியாவில் அரசு நிறுவனமே இலவசமாகத் தருகிறது. அதற்கென்று யாராவது தொகை கேட்டால் ஏன் என்று கேளுங்கள்.

கடைசியாக ஒன்று. 1954ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்றின்படி, நம் நாட்டில் வெளியாகும் ஒவ்வொரு புத்தகத்தின் பிரதியும் கொல்கத்தா தேசிய நூலகத்திற்கும், சென்னை கன்னிமாரா நூலகத்திற்கும், மும்பை, டெல்லி நகரங்களிலுள்ள நூலகங்களுக்கும் வெளியிட்டவரின் செலவிலேயே அனுப்பப்படவேண்டும். 30 பிரதி அடித்தவருக்கும் இது பொருந்தும். நான்கு பிரதிகள் இவ்விதமாய்த் தபாலில் போகும். ஒன்று தகப்பனாரின் கையில். ஒன்று சபையின் அலமாரியில். மீதி 24 பிரதிகளுக்கு, அவரோடு ஒரே ஷிஃப்டில் இறங்கியவர்களின் பிள்ளைகள் இப்போது பெங்களூரில் எங்கெங்கே இருக்கிறார்கள் என்று அவரிடமே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.